‘ங்க’வுக்கு இங்கிலீஷில் என்ன?

“டீச்சர், நான் மரியாதையாத்தானுங்க கேட்டேன்.”

சொல்லும்போதே பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. வயது 22. பி.காம். முடித்து, திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பையர் அம்மாள் ஒருவர், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஆபீசில் இவன் மட்டும்தான். ஓடிப்போய், “வாட் டூ யூ வான்ட்? சிட். வெயிட்” என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள் கடைசி வரை உட்காரவே இல்லை. மேனேஜர் வந்ததும் எல்லோர் முன்னாலும் இவனுக்கு வசவு.

“மனசுல என்ன நினைச்சுட்டுப்பா சொன்னே?” என்று கேட்டேன்.

“என்னங்க வேணும், உக்காருங்க, கொஞ்சம் இருங்க. அதைத்தானுங்க சொன்னேன்.”

அவன் சொன்னது சத்தியம். மூன்று வாக்கியம், மூன்றிலும் ஒரு ‘ங்க’. எங்கள் கொங்கு நாட்டில் அந்த ‘ங்க’ இல்லாமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்க மாட்டோம். இங்கிலீஷுக்கு மாற்றும்போது ஒவ்வொரு சொல்லையும் அவன் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். ‘ங்க’ மட்டும் வழியில் விழுந்துவிட்டது. விழுந்தது அவனுக்குத் தெரியவும் இல்லை. அதை எப்படிக் கொண்டுபோவது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

நானும் சொல்லித் தந்ததில்லை. 31 வருஷம் அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் நடத்தினேன். ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ், கொஸ்டின் டேக் எல்லாம் நடத்தினேன். ஒரு மனுஷரிடம் போய் மரியாதையாக ஒன்றைக் கேட்பது எப்படி என்று ஒரு பீரியடுகூட எடுத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு, பேச்சுக்குப் பேச்சு, கேள்விக்குக் கேள்வி என்று நடத்துகிறேன். அந்தப் பையன் அழுத நாளிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. இந்தப் பாடம் உலகத்தில் எப்போது தொடங்கியது? எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை? கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்தேன். படித்ததில் முதலில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, இந்தப் பாடம் பள்ளிக்கூடத்தில் பிறக்கவில்லை என்பது. துணி வியாபாரத்தில் பிறந்திருக்கிறது.

இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சுக்கூடம் வைத்தவர் வில்லியம் காக்ஸ்டன். அச்சுத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவர் துணி வியாபாரி. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ் நகரத்தில் பல வருஷம் தங்கி வியாபாரம் பார்த்தவர். இங்கிலாந்தின் கம்பளியும் பிளாண்டர்ஸ் தேசத்துத் துணியும் கைமாறிய சந்தை ஊர் அது. அங்கே 14ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சும் பிளெமிஷும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பேச்சுப் புத்தகம் புழங்கியது. வணக்கம் சொல்வது, நலம் விசாரிப்பது, துணி வகைகளின் பெயர், விலை பேசுவது, தொழிலாளிகளின் பெயர் என்று வியாபாரிக்கு வேண்டியது எல்லாம் அதில் உண்டு. அதன் வழியில் வந்த ஒன்றை, பிளெமிஷ் இருந்த இடத்தில் இங்கிலீஷை வைத்து, 1480ஐ ஒட்டிய வருஷங்களில் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சிட்டார். அந்த மண்ணின் முதல் அச்சுப் புத்தகங்களோடு ஒன்றாக, கடைக்காரனிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லும் புத்தகமும் வந்துவிட்டது. திருப்பூர்க்காரிக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு நிறையத்தானே செய்யும்.

அடுத்த நூறு வருஷத்தில் இந்தப் பாடத்தை வளர்த்தது வேறொரு கூட்டம். வியாபாரிகள் அல்லர், அகதிகள். 1572இல் பாரிஸில் புராட்டஸ்டன்ட் மக்களைக் கொன்று குவித்தார்கள். தப்பிய பிரெஞ்சுக்காரர்கள் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனார்கள். பிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து வேறு துரத்தலுக்குப் பயந்து போனவர்களும் இருந்தார்கள். நிறையப் பேர் நெசவாளிகள். நார்விச்சிலும் கேன்டர்பரியிலும் தறி போட்டார்கள். கேன்டர்பரியின் பெரிய தேவாலயத்தில், தரைக்குக் கீழே இருக்கும் மண்டபத்தை இவர்கள் சாமி கும்பிட ஒதுக்கித் தந்தார்கள். இன்றும் அங்கே பிரெஞ்சு மொழியில் வழிபாடு நடக்கிறது.

கை நிறையத் தொழில் இருந்தும், ரொட்டி வாங்கப் போனால் வாய் ஊமை. இவர்களுக்காக ஜாக் பெல்லோ என்ற அகதி ஆசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். 1586இல் லண்டனில் அச்சானது. அச்சிட்ட வோத்ரோலியேயும் அதே போல வந்து குடியேறிய பிரெஞ்சுக்காரர்தான். காலையில் எழுந்திருப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, பிறகு கடைத்தெரு: கோழிக் கடை, பழக் கடை, துணிக் கடை, மீன் கடை, இறைச்சிக் கடை. அப்புறம் வீட்டில் விருந்து. விருந்தில் பேச்சு தானாகவே சொந்த தேசத்துச் சண்டைகளின் பக்கம் திரும்புகிறது. பாடப்புத்தகத்தில் அதை எழுதிய மனுஷரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்தப் புத்தகத்தின் அமைப்புதான் என்னை அசர வைத்தது. ஒரு பத்தியில் இங்கிலீஷ், அடுத்ததில் பிரெஞ்சு, மூன்றாவதில் அந்த இங்கிலீஷை எப்படி வாயால் சொல்வது என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டில். எங்கள் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கிளிப் போட்டுத் தொங்குமே, முப்பது நாளில் இங்கிலீஷ் என்ற புத்தகம், அதுவும் இதே மூன்று பத்திதான். இங்கிலீஷ், தமிழ் அர்த்தம், தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. நான் ஆசிரியராக இருந்த காலத்தில் அந்தப் புத்தகத்தை மதித்ததில்லை. தமிழில் எழுதிவைத்து இங்கிலீஷ் படிக்கும் பிள்ளைகளைக் கண்டித்தும் இருக்கிறேன். கையில் வேறு எதுவும் இல்லாதவர்கள் 400 வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்த வழி அது என்று தெரிந்தபோது, அந்தப் பிள்ளைகளில் சிலரைத் தேடிப்போய்ப் பேச வேண்டும் போல இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். இன்று நாம் மரியாதைக் கேள்வி என்று படிக்கும் ‘குட் யூ’, ‘வுட் யூ’ எல்லாம் அந்தக் காலத்துப் பேச்சில் இந்த வேலைக்கு அவ்வளவாக வரவில்லை. அன்றைய இங்கிலீஷ்காரர் நேராகச் சொல்வார்: கொடு, வா, காட்டு. கூடவே ‘ஐ ப்ரே யூ’ என்று ஒரு ஒட்டு. உங்களை வேண்டிக் கேட்கிறேன் என்று பொருள். அத்துடன் அவர்களுக்கு ‘நீ’யும் ‘நீங்க’வும் தனித்தனியாக இருந்தன. ‘தௌ’ என்றால் நீ. ‘யூ’ என்றால் நீங்க. ஏவலோடு ஒரு மரியாதை ஒட்டைச் சேர்த்துப் பேசியிருக்கிறார்கள். இது அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சுதானே. “கொஞ்சம் அதை எடுங்க” என்பதும் ஏவல்தான், ‘ங்க’ போட்ட ஏவல். எலிசபெத் ராணி காலத்து லண்டன் துணிக் கடையில் எங்கள் பையன் போய் நின்றிருந்தால் இவ்வளவு தடுமாறியிருக்க மாட்டான்.

அப்புறம்தான் மாறியது. ‘தௌ’ கொஞ்சம் கொஞ்சமாக வழக்கொழிந்தது. யாரைப் பார்த்தாலும் ‘யூ’ என்று ஆனது. ‘இஃப் இட் ப்ளீஸ் யூ’ என்ற நீளத் தொடர் தேய்ந்து தேய்ந்து ‘ப்ளீஸ்’ என்ற ஒற்றைச் சொல்லாக நின்றது. உங்களால் முடியுமா என்று கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது என்று பழைய கடிதங்களையும் நாடகங்களையும் அலசியவர்கள் காட்டுகிறார்கள். பிரதிப்பெயரில் இருந்த மரியாதை போய்விட்டதால் அதை வேறெங்கோ வைக்க வேண்டி வந்தது, வாக்கியத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் கடைசியில். இங்கிலீஷில் வாக்கியத்தின் வாசலில். வகுப்பில் இதைச் சொன்ன அன்று ஒரு பெண் பிள்ளை, “அப்போ அவங்க வாசல்லயே செருப்பைக் கழட்டிர்றாங்களா டீச்சர்” என்றாள். அதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.

சரி, எங்கள் பக்கத்துக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்த கதையைக் கேட்டால் மெக்காலே என்பார்கள், 1835 என்பார்கள். அதற்கு 50 வருஷம் முன்பே தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்த ஜான் சல்லிவன் ஒரு யோசனை வைத்தார். (ஊட்டியை உண்டாக்கிய கோயம்புத்தூர்க் கலெக்டர் சல்லிவன் வேறு, இவர் அவருக்கு முந்தியவர்.) கம்பெனிக்காரருக்கும் ஊர்க்காரருக்கும் நடுவில் துபாஷி நின்று பேசிக்கொண்டிருந்தான். இவர் சொல்வது அவருக்கும், அவர் சொல்வது இவருக்கும் அவன் வாய் வழியாகத்தான் போக வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரிந்தால் நேருக்கு நேர் பேசிக்கொள்ளலாம் என்பது சல்லிவனின் எண்ணம். மிஷனரி ஷ்வார்ட்ஸ் துணை நிற்க, தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று ஊர்களிலும் பள்ளி தொடங்கியது. 1787இல் கம்பெனியின் இயக்குநர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் வருஷம் 250 வராகன் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

நேருக்கு நேர் பேசுவதற்காகத் தொடங்கிய பள்ளி! அந்த நோக்கம் நிலைத்திருந்தால் எங்கள் பாடம் வேறு மாதிரி இருந்திருக்கும். நிலைக்கவில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. மெட்ரிகுலேஷன் பரீட்சை வந்தது. பரீட்சை பாஸானால் சர்க்கார் உத்தியோகம். உத்தியோகத்துக்கு வேண்டியது எழுத்து: நகல் எடுக்க, மொழிபெயர்க்க, மனு எழுத. எங்கள் முன்னோர் இங்கிலீஷில் மரியாதையைக் கற்றுக்கொண்டது மனு எழுதித்தான். மிகப் பணிவோடும் மரியாதையோடும் சமர்ப்பிக்கிறேன் என்று தொடங்கி, தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன் என்று முடியும் அந்த மரியாதையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேச இடமே இல்லை. ஒருவர் மேலே, ஒருவர் கீழே.

அந்த மனு இன்னும் சாகவில்லை. என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பையருக்கு அனுப்பிய மெயிலைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்றிருக்கும். ஒரு காலத்தில் இங்கிலாந்துக்காரரே எழுதிய தொடர்தான், பிறகு அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை. எழுத்தில் இவ்வளவு குனிகிற அதே பிள்ளை, நேரில் பார்த்தால் “வாட் டூ யூ வான்ட்” என்கிறான். இரண்டும் ஒரே பள்ளிக்கூடம் தந்தவைதான். தரையில் விழுந்து கும்பிடச் சொல்லிக் கொடுத்தார்கள். கைகுலுக்கச் சொல்லித் தரவில்லை.

பேச்சு வேண்டும் என்று உலகத்தில் சிலர் பாடுபட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1878இல் அமெரிக்காவில் பிராவிடன்ஸ் என்ற ஊரில் பெர்லிட்ஸ் என்பவர் ஒரு மொழிப் பள்ளி தொடங்கினார். உதவிக்கு வைத்த பிரெஞ்சு ஆசிரியருக்கு இங்கிலீஷ் வராது. பெர்லிட்ஸ் நோயில் படுத்துவிட, அவர் சைகையும் பிரெஞ்சுமாகவே பாடம் நடத்தினார். சில வாரம் கழித்து வந்து பார்த்தால் மாணவர்கள் பிரெஞ்சில் உற்சாகமாகக் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்தப் பள்ளிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கதை. அன்றிலிருந்து தாய்மொழியே வகுப்புக்குள் வரக் கூடாது என்பது ஒரு வேதமாகிவிட்டது. எங்கள் பக்கம் தமிழில் பேசிய பிள்ளைக்கு அபராதம் போடும் பள்ளிக்கூடம்கூட உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழை வெளியே நிறுத்திவிட்டால் ‘ங்க’ எங்கே விழுந்தது என்று பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது?

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட் 1926இல், பேச்சு வேண்டும் என்றவர்களுக்கு நேர் எதிராக ஒன்று சொன்னார். வங்காளத்துப் பிள்ளைகள் பாதியில் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். நிற்பதற்குள் படிக்கவாவது தெரியட்டும், பேச்சு அப்புறம் என்றார். பாதியில் நிற்கும் ஏழைப் பிள்ளையை மனதில் வைத்துச் சொன்னவர் என்பதால் அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

இந்த வாதங்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அப்பா வழியாக. அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1950களின் கடைசியில் மெட்ராஸ் ராஜ்யத்தில் ஒரு பெரிய வேலை நடந்தது. இங்கிலீஷை முதன்முதலாகத் தொடங்கிவைக்கும் ஆசிரியர்கள் 27,000 பேருக்கும் புதிதாகப் பயிற்சி கொடுக்க வேண்டும். அத்தனை பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க முடியாது. முதலில் கொஞ்சம் பேரைத் தயார் பண்ணி, அவர்கள் ஊர் ஊராகப் போய் இன்னும் பலரைத் தயார் பண்ணி, உருட்ட உருட்டப் பெருகும் பனிப்பந்து மாதிரி என்று ஏற்பாடு. பிரிட்டிஷ் கவுன்சில் கைகொடுத்தது. ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்றே அதற்கு இங்கிலீஷில் பெயர் விழுந்துவிட்டது. அந்தப் பந்து உருண்டு உருண்டு பல்லடம் பக்கத்து ஓராசிரியர் பள்ளிக்கூடத்துக்கு, எங்கள் அப்பாவிடமும் வந்தது.

அப்பாவின் பயிற்சி நோட்டு என்னிடம் இருக்கிறது. கூடவே ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் சாவி, தீப்பெட்டி, கண்ணாடி வளையல், சிவப்பு நூல்கண்டு, மண் மாடு. ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிக் காட்டி, “வாட் ஈஸ் திஸ்?” என்பார். நாற்பது பிள்ளைகளும் கூரை அதிரச் சொல்வோம்: “இட் ஈஸ் எ கீ!” நானும் அவர் வகுப்பில் உட்கார்ந்து கத்தியவள்தான். அந்த வகுப்பில் யாரும் தூங்கியதில்லை. அதுவரை மனப்பாடம் பண்ணி ஒப்பித்த ஊரில் பிள்ளைகள் வாயில் இங்கிலீஷ் வந்தது. அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளைப் பேச வைக்க 1922இலிருந்து 14 வருஷம் உழைத்த ஹரால்ட் பாமர், அவர் வழியில் வந்த ஹார்ன்பி போன்றவர்கள் பக்குவப்படுத்திய முறை அது. டோக்கியோவிலிருந்து பல்லடம் வரை ஒரே மரப்பெட்டி.

ஆனால் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. கேள்வி எல்லாம் வாத்தியாருடையது. பதில் எல்லாம் பிள்ளையுடையது. அதுவும் வாத்தியாருக்கு ஏற்கெனவே பதில் தெரிந்த கேள்வி. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே இது என்ன என்கிறார். ஒரு பிள்ளை வாத்தியாரைப் பார்த்து, “அந்தச் சாவியைக் கொஞ்சம் தருவீங்களா?” என்று கேட்கும் வாக்கியம் அந்த நோட்டில் ஒன்றுகூட இல்லை. நான் ஆசிரியராகி நடத்தியதிலும் இல்லை. கேட்கிற வாய் வளரவே இல்லை.

அதன் பிறகு நடந்ததில் என் மனதுக்கு நெருக்கமானது 1978இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஒரு தொகுப்பு. கேள்விகளும் மரியாதையும் என்பதே அதன் தலைப்பு. அதில் பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார்கள். உலகம் முழுக்க மரியாதைப் பேச்சைப் படிக்கிறவர்கள் இன்றும் தொட்டுத்தான் ஆக வேண்டிய கட்டுரை. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று. ஒன்று இங்கிலீஷ். ஒன்று மெக்சிகோ மலைக் கிராமத்து மாயா மக்களின் ட்செல்டால். மூன்றாவது, கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத்துத் தமிழ். எங்கள் ‘ங்க’! லெவின்சன் அந்தக் கிராமத்தில் தங்கி, யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று எழுதி வாங்கிய டாக்டர் பட்டம் 1977இல். நாங்கள் வாய்திறந்து பேசியதை வைத்து உலகம் பாடம் எழுதிக்கொண்டது. எங்கள் பிள்ளைகள் மட்டும் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் உண்டு. ஒன்றைக் கேட்கும்போதே எதிராளியின் முகத்தைத் தொட்டுவிடுகிறோம். அது கசங்காமல் கேட்பதற்குத்தான் இத்தனை வழிகளும். இதைத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம். முகம் கொடுத்துப் பேசு, முகத்தில் அடித்த மாதிரி பேசாதே, முகம் சுளிக்காமல் செய் என்றெல்லாம் பாட்டி காலத்திலிருந்து சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். வெளியே கிளம்பியவரை ‘எங்கே’ என்று கேட்கக் கூடாது என்று எங்கள் ஆத்தா அடிக்க வருவார். “தூரமுங்களா?” என்று கேட்க வேண்டும். போகிறவர் விரும்பினால் ஊர்ப் பேரைச் சொல்லலாம், இல்லையென்றால் “ஆமாங்க, கொஞ்சம் வேலை” என்று நகரலாம். அவருக்கு ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டுக் கேட்கும் கேள்வி.

அந்த ஆராய்ச்சியின் மறுபக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. யாருக்கு ‘ங்க’, யாருக்கு இல்லை என்பது அந்தக் கிராமத்தில் சாதியைப் பார்த்தே நடந்தது. அது எனக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. தாத்தா வயதில் இருந்தவரைத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பொடிப் பையன் “வாடா, போடா” என்பதையும், அவர் அந்தப் பையனைச் “சாமி” என்பதையும் காதால் கேட்டு வளர்ந்தவள் நான். செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, ‘தௌ’ போய் ‘யூ’ மட்டும் நின்ற கதையை நான் நடத்திய ஞாயிற்றுக்கிழமை, கடைசி வரிசையிலிருந்து கேட்டாள்.

“அப்படின்னா இங்கிலீஷ்ல முதலாளிக்கும் யூ, எங்கப்பாவுக்கும் யூ தானுங்களா டீச்சர்?”

“ஆமா கண்ணு.”

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் எந்த இலக்கணக் குறிப்பையும் யாரும் அவ்வளவு அழுத்தி எழுதி நான் பார்த்ததில்லை.

இப்போது நான் நடத்தும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் தமிழில் கேட்கச் சொல்வேன், வீட்டில் கேட்கிற மாதிரியே. “டீச்சர், அந்த பேனாவைக் கொஞ்சம் குடுங்க.” கரும்பலகையில் எழுதி, ‘கொஞ்ச’த்தையும் ‘ங்க’வையும் சிவப்புச் சாக்பீஸில் வட்டமிடுவேன். வட்டத்துக்குள் இருப்பதுதான் மரியாதை, அது இங்கிலீஷுக்குப் போகும்போது முன்னால் ஓடி நிற்கும் என்று அம்புக்குறி போடுவேன். ‘குட் யூ’. பிறகுதான் பேனா வரும். ‘தயவுசெய்து’ என்று யாராவது ஆரம்பித்தால் நிறுத்திவிடுவேன். அது ரயில்வே அறிவிப்பில் வருவது, அம்மாவிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

‘கேன்’ ஏன் ‘குட்’ ஆகிறது, நடக்காத காரியத்துக்கு இறந்தகாலம் எதற்கு என்று புத்திசாலிப் பிள்ளைகள் மடக்குவார்கள். அதற்கும் தமிழிலேயே பதில் இருக்கிறது. பெரியவர் ஒருவரிடம் உதவி கேட்கப் போனால் நாம் என்ன சொல்கிறோம்? “உங்களை ஒண்ணு கேக்கலாம்னு வந்தேனுங்க.” இன்னும் கேட்கவே இல்லை, அதற்குள் ‘வந்தேன்’ என்று ஒரு எட்டுத் தள்ளி நின்றுகொள்கிறோம். ‘ஐ வாஸ் வொண்டரிங்’ என்பதும் அதே எட்டுதான். இதைச் சொன்னதும் முகங்கள் தெளிவதை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

சிரமமானது ‘வுட் யூ மைண்ட்’. கதவைச் சாத்துவதில் உங்களுக்குச் சிரமம் ஏதும் உண்டா என்று கேட்டால், செய்யச் சம்மதம் என்பதற்கு ‘நோ’ என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் ‘எஸ், எஸ்’ என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்க் கதவைச் சாத்துவார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகும் அதற்கு. குரலும் அப்படித்தான். சொல் எல்லாம் சரியாக வந்துவிட்டு, கடைசியில் குரல் தொப்பென்று விழுந்தால் அதட்டல் மாதிரி ஆகிவிடும். ஜோடி ஜோடியாக உட்கார வைத்து ஒருவர் பையர், ஒருவர் கம்பெனிக்காரர் என்று பேச வைப்பேன். சாம்பிள் எப்போது கிடைக்கும், இந்தக் கலர் ஷேடை மாற்றலாமா, டெலிவரிக்கு இன்னும் நாலு நாள் தர முடியுமா, டாய்லெட் எந்தப் பக்கம். 1586இல் பெல்லோ கோழிக் கடையிலும் துணிக் கடையிலும் ஆரம்பித்ததும் இந்த மாதிரித்தான்.

அழுத பையன் இப்போதும் வருகிறான். போன வருஷம் அவன் கூடவே அவனுடைய கம்பெனியிலிருந்து கட்டிங் மாஸ்டர் ஒருவரைக் கூட்டிவந்தான். வயது 50க்கு மேல். எட்டாவது வரை படித்தவர். எதற்கு இந்த வயதில் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “பேத்தி கேக்குறது எனக்குப் புரியறதில்லைங்க.”

மூன்றாவது வாரம் அவர் ஒரு கேள்வியோடு வந்தார். “டீச்சருங்க, தூரமுங்களாங்கிறதுக்கு இங்கிலீஷில என்னங்க?”

என்னால் உடனே சொல்ல முடியவில்லை. ‘வேர் ஆர் யூ கோயிங்’ இல்லை. அது ஆத்தா அடிக்க வரும் கேள்வி. ஒரு வாரம் தேடினேன். இங்கிலாந்தில் விருந்தாளி கிளம்பும்போது வீட்டுக்காரர் கேட்பதுண்டு: ‘ஹேவ் யூ ஃபார் டு கோ?’ போகும் ஊரைக் கேட்காமல் தூரத்தை மட்டும் கேட்பது. அடுத்த ஞாயிறு அதைத் தமிழ் எழுத்தில் அவர் நோட்டில் நானே எழுதிக் கொடுத்தேன், மூன்று பத்தியாக.

ஒரு மாதம் கழித்துப் பையன் வந்து சொன்னான். பையர் ஒருவர் வேலை முடிந்து கம்பெனி கேட்டில் காருக்காக நின்றிருக்கிறார். மாஸ்டர் கத்தரித்த துணித் தூசியைத் தோளிலிருந்து தட்டிக்கொண்டே அந்தப் பக்கம் போனவர், நின்று, துண்டைச் சரிசெய்துகொண்டு, “ஹேவ் யூ ஃபார் டு கோ, சார்?” என்றிருக்கிறார். கோயம்புத்தூர் ஏர்போர்ட், அங்கிருந்து மும்பை, அப்புறம் ராத்திரி முழுக்கப் பிளேனில் என்று அவர் சொல்லத் தொடங்கியிருக்கிறார். கார் வந்து நின்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.